எரர் வராத தப்பு: பழைய புரோகிராமை வேறு மொழிக்கு மாற்றும்போது பெயர்கள் பண்ணும் குழப்பம்



போன செமஸ்டர், ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் இரண்டாவது ரிவியூ. எங்க டீம் மூணு பேர். புரொஜெக்டர்ல கலர் கலரா ஒரு கிராஃப், அதுக்குக் கீழே ஒரு எண்: 1500 வாட். ஒரு சூடான சுவர்ல இருந்து காற்றுக்குப் போகும் வெப்பம் அவ்வளவுதான்னு எங்க பைத்தான் புரோகிராம் சொன்னது. எரர் இல்லை, வார்னிங் இல்லை. நாங்களும் தெம்பாகத்தான் நின்றோம்.

கைட் சார் ஒண்ணும் பேசலை. ரிப்போர்ட்டைத் திருப்பிப் பின்பக்கத்தில் ஒரு வரி எழுதினார். அது நாங்க சரிபார்க்க வைத்திருந்த எளிய கேஸ். சுவர் முழுக்க ஒரே வெப்பநிலை, அதனால் கையாலேயே கணக்குப் போடலாம். வெப்பக் கடத்தல் குணகம் 40, பரப்பு 2 சதுர மீட்டர், வெப்பநிலை வித்தியாசம் 30 டிகிரி. மூணையும் பெருக்கினால் 2400.

"மீதி 900 வாட் எங்கப்பா போச்சு?"

பதில் இல்லை. அடுத்த கேள்வி: "பழைய புரோகிராம்ல இதே கேஸை ஓட்டிப் பாத்தீங்களா?" அதுக்கும் பதில் இல்லை. ரிவியூ தள்ளிப் போனது.

காரணத்தைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒன்பது நாள் ஆனது. காரணம் ஒரே ஒரு எழுத்து. இந்த வருஷம் ப்ராஜெக்ட் எடுக்கப் போற ஜூனியர்ஸ் நிறைய பேர் "பழைய புரோகிராமை பைத்தானுக்கு மாத்துறோம்"னு சொல்றீங்க. உங்களுக்கு அந்த ஒன்பது நாள் மிச்சமாகட்டும்னுதான் இந்தக் கட்டுரை. புரோகிராம் வரிகளை அப்படியே ஒட்டாமல், லேப்ல பக்கத்து சீட்டுக்காரனுக்கு வாயால சொல்ற மாதிரி எழுதியிருக்கேன்.

நாங்க மாற்றிய புரோகிராம்

எங்க துறையில ஒரு சார் 1991-ல ஃபோர்ட்ரான் 77 மொழியில் எழுதிய புரோகிராம் அது. ஹீட் ட்ரான்ஸ்ஃபர் லேப்ல எடுக்கிற ரீடிங்கை அதோடதான் ஒப்பிட்டுப் பார்ப்பாங்க. அது ஓடுற பிசி எப்ப வேணா படுத்துக்கும். சாரும் இந்த வருஷம் ரிட்டயர்மென்ட். அவர் இருக்கும்போதே அதைப் பைத்தானுக்கு மாற்றி லேப்ல வைக்கணும், அதுதான் ப்ராஜெக்ட். தப்பா மாற்றிட்டா எங்க மார்க் மட்டும் போகாது. அடுத்தடுத்த பேட்ச் எல்லாரும் சரியா எடுத்த ரீடிங்கைத் தப்புன்னு நினைச்சுத் திருத்துவாங்க. அதுதான் எங்களுக்குப் பெரிய பயம்.

கணக்கு ரொம்பக் கஷ்டம் இல்லை. சமன்பாடு எல்லாம் சரியாகத்தான் மாற்றினோம். இடறியது பெயர்களில்.

பெயர் என்பது விதிக்கு உட்பட்டது

வேரியபிள், ஃபங்ஷன், டைப், இதுக்கெல்லாம் நாம வைக்கும் பெயரைப் பொதுவாக சிம்பல்னு சொல்வாங்க. ஒரு பெயர் யாரைக் குறிக்குது என்பது அதை எங்கே நின்று சொல்றோம் என்பதைப் பொறுத்தது. வீட்டுக்குள்ள "அண்ணா"ன்னு கூப்பிட்டா ஒருத்தர்தான் திரும்புவார். தெருவில் நின்று கூப்பிட்டா பத்துப் பேர் திரும்புவாங்க. வீடு என்பது லோக்கல் ஸ்கோப். தெரு என்பது குளோபல் ஸ்கோப்.

ஒவ்வொரு மொழிக்கும் பெயர் விஷயத்தில் மூணு விதி இருக்கு:

1. எந்தப் பெயர்களை மொழி தனக்குன்னு எடுத்து வச்சிருக்கு?
2. எந்த ரெண்டு பெயரை ஒண்ணுன்னு பார்க்குது, எதை வேறன்னு பார்க்குது?
3. ஒரு பெயர் எவ்வளவு தூரம் வரைக்கும் தெரியும்?

புரோகிராமை வேற மொழிக்கு மாற்றும்போது பெயர் அதே பெயராக இருக்கும். ஆனா மூணு விதியும் மாறிப் போயிருக்கும். சண்டை அங்கேதான் ஆரம்பிக்குது. ஒவ்வொண்ணா பார்ப்போம்.

விதி 1: மொழி எடுத்து வைத்த பெயர்கள்

ஃபோர்ட்ரானில் ரிசர்வ்டு வேர்டு என்று ஒண்ணுமே கிடையாது. "இஃப்" என்றே ஒரு வேரியபிளுக்குப் பெயர் வைக்கலாம், கம்பைலர் இடத்தைப் பார்த்துப் புரிஞ்சுக்கும். பைத்தான் அப்படி இல்லை. 3.7 வெர்ஷன் முதல் அதில் 35 கீவேர்டு, அதில் எதையும் நாம பெயராக வைக்க முடியாது. அந்த 35-ல ஒண்ணு "லேம்டா".

எங்க சார் வெப்பக் கடத்து திறனுக்கு லேம்டான்னு பெயர் வச்சிருந்தார். ஃபோர்ட்ரான் 77 தரப்படி பெயர் அதிகபட்சம் ஆறு எழுத்துதான் இருக்கலாம். லேம்டாவுக்கு ஆங்கிலத்தில் சரியா ஆறு எழுத்து, அழகாகப் பொருந்திடுச்சு. பைத்தானுக்குக் கொண்டு வந்ததும் சின்டாக்ஸ் எரர்.

இதே மாதிரி சி மொழியில் "கிளாஸ்", "நியூ", "திஸ்", "டெலீட்" எல்லாம் சாதாரணப் பெயர்கள். சி பிளஸ் பிளஸ்ஸில் எல்லாமே கீவேர்டு. லினக்ஸ் உலகில் விண்டோ வரையப் பயன்படும் எக்ஸ்லிப் என்ற பழைய லைப்ரரியில் ஒரு ஸ்ட்ரக்சரின் உறுப்புக்கு "கிளாஸ்" என்று பெயர். அந்த ஹெடரை சி பிளஸ் பிளஸ்ஸில் எடுத்தால் அதே உறுப்பு "சி அண்டர்ஸ்கோர் கிளாஸ்" ஆயிடும். ரெண்டு மொழிக்கும் ரெண்டு பெயரை ஹெடரிலேயே எழுதி வச்சிருக்காங்க.

வேற மொழிக்கே போகாமலும் இது நடக்கலாம். 2018-ல வந்த பைத்தான் 3.7-ல "அசின்க்" கீவேர்டு ஆச்சு. அதுவரைக்கும் அதைச் சாதாரணப் பெயராக வச்சிருந்த லைப்ரரிகள் உடைஞ்சுது. செலரி லைப்ரரியில் அந்தப் பெயரில் இருந்த ஒரு மாட்யூலை "அசின்க்ரனஸ்" என்று முழுசாக நீட்டி எழுத வேண்டியதாச்சு.

இதுக்குத் தீர்வு எளிது. பைத்தானில் கீவேர்டோடு மோதும் பெயருக்குப் பின்னாடி ஒரு அண்டர்ஸ்கோர் போடுவது வழக்கம். பெப் 8 ஸ்டைல் கைடே அதைத்தான் சொல்லுது. சி ஷார்ப்பில் பெயருக்கு முன்னாடி அட் குறி. கோட்லினிலும் ஸ்விஃப்டிலும் பெயரை பேக்டிக் குறிக்குள்ள வைக்கணும். ரஸ்ட்டில் முன்னாடி ஆர் எழுத்தும் ஹேஷ் குறியும். இந்த மொழிகள் எல்லாம் ஒரு வாசல் திறந்து வச்சிருக்கு.

முக்கியமான விஷயம், இந்த வகைச் சண்டை சத்தம் போடும். புரோகிராம் ஓடவே ஓடாது. எந்த வரின்னும் காட்டிடும். இது நல்ல எதிரி.

விதி 1-ன் தம்பி: லைப்ரரி எடுத்து வைத்த பெயர்கள்

கீவேர்டு இல்லை, ஆனா ஏற்கனவே ஒரு ஃபங்ஷனுக்கு இருக்கும் பெயர்கள் உண்டு. பைத்தானில் சம், மேக்ஸ், மின், லிஸ்ட், டைப், இன்புட் எல்லாம் இந்த வகை. இதுக்கு நீங்க மதிப்பு கொடுத்தா பைத்தான் தடுக்காது. ஜுபிடர் நோட்புக்கில் ஒரு செல்லில் "சம்" என்ற வேரியபிளில் பூஜ்யம் போட்டுட்டு, பத்து செல் தள்ளி சம் ஃபங்ஷனைக் கூப்பிட்டா, "இது ஃபங்ஷனே இல்லை, கூப்பிட முடியாது"ன்னு எரர் வரும். தப்பு பண்ணின இடம் ஒண்ணு, எரர் வர்ற இடம் வேற. அந்த வரி ஓடாத வரைக்கும் எரரே வராது.

சத்தமே போடாத ஒரு உதாரணம் பாருங்க. 10, 20, 30 என்ற லிஸ்ட்டையும் மைனஸ் ஒண்ணையும் பைத்தானின் சொந்த சம் ஃபங்ஷனுக்குக் கொடுங்க. மைனஸ் ஒண்ணில் ஆரம்பிச்சுக் கூட்டி 59 என்று சொல்லும். இப்போ நம்பை லைப்ரரியில் இருந்து ஸ்டார் போட்டு எல்லாத்தையும் இம்போர்ட் பண்ணிட்டு அதே வரியை ஓட்டுங்க. விடை 60. ஏன்னா நம்பையின் சம் ஃபங்ஷன் ரெண்டாவது எண்ணை "எந்த அச்சில் கூட்டணும்"னு எடுத்துக்கும். அதே வரி, அதே பெயர், வேற ஆள். மேட்லேபில் இருந்து பைத்தானுக்கு மாத்துறவங்க வசதிக்காகப் போடும் முதல் வரியே இந்த ஸ்டார் இம்போர்ட்தான். தயவுசெய்து போடாதீங்க.

காம்படிடிவ் கோடிங் பண்றவங்களுக்கு இன்னொண்ணு தெரிஞ்சிருக்கும். சி பிளஸ் பிளஸ்ஸில் "ஒய் ஒன்" என்று குளோபல் வேரியபிள் வச்சா ஜிசிசி கம்பைலர் எரர் காட்டும். கணித ஹெடரில் அந்தப் பெயரில் ஒரு பெசல் ஃபங்ஷன் இருப்பதுதான் காரணம். மெயினுக்கு உள்ளே லோக்கலாக வச்சா ஒண்ணும் ஆகாது. அதேபோல சி மொழியின் காம்ப்ளெக்ஸ் ஹெடரில் பெரிய ஐ என்பது கற்பனை எண்ணைக் குறிக்கும் மேக்ரோ. கரன்ட்டுக்கு ஐ என்று பெயர் வைக்கும் ட்ரிபிள் ஈ நண்பர்கள் கவனம்.

விதி 2: எது ஒண்ணு, எது வேற

எங்களைக் கவிழ்த்தது இதுதான்.

தமிழ் எழுத்தில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவே கிடையாது. ஃபோர்ட்ரானும் கிட்டத்தட்ட அப்படித்தான். பெரிய எச், சின்ன எச் ரெண்டும் அதுக்கு ஒரே வேரியபிள். பைத்தானுக்கும் சி-க்கும் ரெண்டும் வேற வேற ஆள்.

சார் 1991-ல எல்லாத்தையும் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார். நாங்க மாற்ற ஆரம்பிச்ச முதல் நாள், டீம்மேட் ஒருத்தன் எல்லாத்தையும் சின்ன எழுத்தாக்கினான். உடனே லேம்டாவில் எரர். நான்தான் சொன்னேன்: "எதுக்கு மச்சி வம்பு? அவர் எழுதின பெரிய எழுத்தையே வச்சுக்கலாம். கீவேர்டு எதுவும் முழுக்கப் பெரிய எழுத்தில் இல்லையே, மோதாது." உண்மைதான், மோதலை. எரர் போயிடுச்சு. புத்திசாலித்தனமா பண்ணிட்டோம்னு டீ குடிக்கப் போனோம்.

ஆனா சார் 2006-ல, காற்று வேகமாக அடிக்கும் நிலையைச் சேர்க்க, நடுவில் ஒரே ஒரு வரி புதுசா எழுதியிருக்கார். அதைச் சின்ன எழுத்தில் டைப் பண்ணிட்டார். "வி 2-ஐ விடப் பெரிசா இருந்தா எச் சமம் 40." மேலே தொடக்கத்தில் பெரிய எச் சமம் 25. கடைசியில் வெப்பத்துக்கான சூத்திரத்தில் பெரிய எச். ஃபோர்ட்ரானில் இது பக்காவா வேலை செய்யும். 25 என்பது 40 ஆக மாறி, சூத்திரம் 40-ஐ எடுத்துக்கும்.

பைத்தானில் என்ன ஆகும்? அந்த வரியில் சின்ன வி-யைப் படிக்கணும். அப்படி ஒரு ஆளே இல்லை, அதனால் பைத்தான் உடனே நேம் எரர்னு கத்துச்சு. நான் அந்த வி-யை மட்டும் பெரிசாக்கினேன். எரர் போச்சு. அதே வரியில் நாலு எழுத்து தள்ளி இருந்த சின்ன எச்-ஐ நான் பார்க்கலை. பைத்தானும் சொல்லலை. ஏன்னா அங்கே எச்-ஐப் படிக்கலை, அதில் மதிப்பு எழுதுறோம். இல்லாத பெயரைப் படிச்சா பைத்தான் கத்தும். இல்லாத பெயரில் எழுதினா, அமைதியா புதுசா ஒரு ஆளை உருவாக்கிடும். 40 அந்தப் புது ஆள்கிட்ட போச்சு. சூத்திரம் பழைய ஆள்கிட்ட இருந்த 25-ஐ எடுத்தது. 25, 2, 30 பெருக்குங்க, 1500. எங்க 900 வாட் அங்கேதான் போச்சு.

முதல் ரிவியூவில் ஏன் மாட்டலைன்னு கேப்பீங்க. அப்போ காற்று வேகம் 1 என்று வச்சு ஓட்டினோம். அந்த வரி ஓடவே இல்லை. விடை சரியா வந்துச்சு, நாங்களும் நம்பிட்டோம்.

கடைசியில் சார்கிட்டயே போய்க் காட்டினோம். பார்த்துட்டுச் சிரிச்சார். "மெஷினுக்கு ரெண்டும் ஒண்ணுதானேப்பா, அதான் பெரிசா சின்னதான்னு நான் பாக்கவே இல்ல" என்றார். அவர் மேல தப்பே இல்லை. அவர் மொழியில் அது சரியான வரி. ஒரு எரரை விரட்ட நான் எடுத்த குறுக்கு வழிதான், எரரே வராத தப்புக்குக் கதவு திறந்தது.

திசை மாறினா சண்டையும் திரும்பும். பைத்தானில் பெரிய டி வெப்பநிலை, சின்ன டி நேரம்னு எழுதுவது நம்ம எல்லாருக்கும் பழக்கம். அதைக் கொண்டு போய் ஃபோர்ட்ரானிலோ பாஸ்கலிலோ போட்டா ரெண்டும் ஒரே ஆள் ஆயிடும். நேரம் ஏற ஏற வெப்பநிலையும் "ஏறும்".

எழுத்து நீளமும் இந்த விதிக்குள்ளதான் வரும். 1989-ல வந்த சி தரத்தின்படி, வேற ஃபைலில் இருந்து தெரியும் பெயர்களில் முதல் ஆறு எழுத்தை மட்டும் கம்பைலர் பார்த்தா போதும். நாம "ஸ்ட்ரிங் காப்பி", "ஸ்ட்ரிங் கம்பேர்" ஃபங்ஷன்களை ஆறெழுத்தில் குறுக்கி எழுதுறோமே, அந்தக் குட்டிப் பெயர்கள் இப்படிப்பட்ட காலத்தில் பிறந்தவை. 1999 தரம்தான் அதை 31 எழுத்தாக்கியது. நீளமான பெயர்களைப் பழைய சிஸ்டத்துக்குக் கொண்டு போனா, முதல் ஆறு எழுத்து ஒத்துப் போற ரெண்டு பெயர் ஒண்ணாயிடலாம்.

விதி 3: பெயர் எவ்வளவு தூரம் தெரியும்

ஃபோர்ட்ரானில் ஒவ்வொரு சப்ரொட்டீனும் தனி வீடு. ஒண்ணில் இருக்கும் மேக்ஸ் என்ற வேரியபிள் இன்னொண்ணுக்குத் தெரியாது. அதையெல்லாம் ஃபங்ஷனாக்காம நோட்புக்கில் செல் செல்லாக ஒட்டினா, எல்லாரும் தெருவுக்கு வந்துடுவாங்க.

வீடுகளுக்கு நடுவே பொதுவாக ஒரு இடம் வேணும்னா ஃபோர்ட்ரானில் காமன் பிளாக் போடுவாங்க. இங்கே ஒரு விநோதம். காமன் பிளாக்கில் பெயர் முக்கியம் இல்லை, வரிசைதான் முக்கியம். ஒரு சப்ரொட்டீனில் மூணாவதாக இருக்கும் டி-யும், இன்னொண்ணில் மூணாவதாக இருக்கும் டி டபிள்யூ-வும் மெமரியில் ஒரே இடம். சர்டிஃபிகேட்ல ஒரு பெயர், வீட்ல கூப்பிடுறது ஒரு பெயர்னு நம்ம ஊர்ல இருக்கே, அதே மாதிரி. பெயர் வேறன்னு நினைச்சு ரெண்டு தனி வேரியபிளாக மாற்றினா கதை முடிஞ்சுது.

சி-யில் இதைவிடப் பெரிய தெரு லிங்கர். நீங்க ஒரு ஃபைலில் "கவுன்ட்" என்று குளோபல் வேரியபிள் வச்சிருக்கீங்க, ஆரம்ப மதிப்பு கொடுக்கலை. டீம்மேட்டும் அவன் ஃபைலில் அதே மாதிரி வச்சிருக்கான். ஜிசிசியின் பழைய வெர்ஷன்கள் ரெண்டையும் சத்தமில்லாம ஒரே மெமரியாக இணைச்சிடும். உங்க எண்ணிக்கையை அவன் மாத்துவான், அவனுக்கே தெரியாது. 2020-ல வந்த ஜிசிசி 10-ல இந்த வழக்கத்தை மாத்தி, "ரெண்டு இடத்தில் வரையறுத்திருக்கீங்க"ன்னு எரர் காட்ட ஆரம்பிச்சாங்க. பல வருஷம் ஓடிய பழைய சி புரோகிராம்கள் திடீர்னு லிங்க் ஆகாம நின்னது அதனால்தான். அந்த எரரை ஆப்ஷன் கொடுத்து அடக்காதீங்க. அந்த ஃபைலுக்கு மட்டும் உரியதுன்னா ஸ்டாட்டிக் போடுங்க. உண்மையிலேயே பொதுன்னா ஒரு ஃபைலில் மட்டும் வரையறுத்து, மத்த இடத்தில் எக்ஸ்டர்ன் போடுங்க.

நேம்ஸ்பேஸ் இல்லாத சி-யில் பெரிய லைப்ரரிகள் எப்படிச் சமாளிக்குது? கிளாஸ்ல ரெண்டு கார்த்திக் இருந்தா அட்டெண்டன்ஸ்ல என்ன பண்றோம்? எம். கார்த்திக், எஸ். கார்த்திக். இனிஷியல்! அதேதான். எஸ்க்யூலைட் லைப்ரரியின் ஃபங்ஷன்கள் "எஸ்க்யூலைட் 3" என்றே ஆரம்பிக்கும். பிஎன்ஜி லைப்ரரியில் "பிஎன்ஜி" என்று ஆரம்பிக்கும். நீங்க மாற்றும் புரோகிராமுக்கும் ரெண்டு மூணு எழுத்தில் ஒரு இனிஷியல் வைங்க.

ஃபோர்ட்ரான் பகுதியை அப்படியே வச்சுக்கிட்டு சி-யில் இருந்து கூப்பிடுறவங்களுக்கு ஒரு குறிப்பு. ஜிஃபோர்ட்ரான் கம்பைலர் பெயரைச் சின்ன எழுத்தாக்கி, பின்னாடி ஒரு அண்டர்ஸ்கோர் சேர்த்துத்தான் லிங்கருக்குக் கொடுக்கும். ஃபங்ஷன் இருந்தும் "காணோம்"னு லிங்கர் சொன்னா முதலில் இதைப் பாருங்க. ஃபோர்ட்ரான் 2003-ல வந்த பைண்ட் சி வசதியால் பெயரை நாமளே நிர்ணயிக்கலாம்.

மறுபடி எப்படி மாற்றினோம்

ரிவியூ தள்ளிப் போனதும் பழசைத் தூக்கிப் போட்டுட்டு முதலில் இருந்து செய்தோம். வரிசை இதுதான்.

ஒண்ணு, பெயர்ப் பட்டியல். பழைய புரோகிராமில் உள்ள எல்லாப் பெயரையும் ஒரு ஷீட்டில் எழுதினோம். சின்ன ஸ்கிரிப்ட் போதும். சி-யாக இருந்தா கம்பைல் ஆன ஃபைல்களில் என்எம் கமாண்ட் கொடுத்தா சிம்பல் பட்டியல் கிடைக்கும்.

ரெண்டு, மோதலைத் தேடு. பைத்தானில் கீவேர்டு என்ற மாட்யூலே இருக்கு, அதில் முழுப் பட்டியல் கிடைக்கும். பில்ட்-இன் பெயர்களுக்கும் பில்ட்இன்ஸ் மாட்யூல் இருக்கு. நம்ம பட்டியலைச் சின்ன எழுத்தாக்கி ரெண்டோடும் ஒப்பிட்டோம். லேம்டா, மேக்ஸ், சம் மூணும் உடனே மாட்டுச்சு.

மூணு, புதுப் பெயர் அட்டவணை. பழைய பெயர், புதுப் பெயர், பொருள், அலகு என்று நாலு பத்தி. முக்கிய விதி: ரெண்டு வேற ஆள் ஒரே புதுப் பெயரில் முடியக் கூடாது. இது சும்மா சொல்ற விஷயம் இல்லை. கோபாலில் பெயருக்கு நடுவே ஹைஃபன் வரலாம். "ரேட் ஹைஃபன் ஏ1", "ரேட் ஹைஃபன் ஏ ஹைஃபன் 1" ரெண்டும் அங்கே தனித்தனி. ஜாவாவுக்கு மாற்ற ஹைஃபனை எடுத்துட்டா ரெண்டும் ஒண்ணாயிடும். புதுப் பெயர் பத்தியில் டூப்ளிகேட் இருக்கான்னு ஷீட்டிலேயே பார்த்துடுங்க.

நாலு, பெயரை முதலில் பழைய மொழியிலேயே மாற்று. இதுதான் எங்களுக்கு ரொம்ப உதவினது. ஃபோர்ட்ரானிலேயே பெயர்களை மாற்றி, ஜிஃபோர்ட்ரானில் ஓட்டி, விடை அப்படியே இருக்கான்னு பார்த்தோம். மொழியும் பெயரும் ஒரே நாளில் மாறினா, தப்பு எதில்னு தெரியாது. இதிலும் ஒரு பள்ளம் இருக்கு. ஃபோர்ட்ரானில் வகை சொல்லாத பெயர் ஐ முதல் என் வரை உள்ள எழுத்தில் ஆரம்பிச்சா அது முழு எண். வெப்பக் கடத்து திறனுக்கு கே-யில் ஆரம்பிக்கும் பெயர் வைக்கத் தோணும். வகை சொல்லாம வச்சா, 0.72 என்ற மதிப்பு வெறும் 0 ஆயிடும், எரர் வராது. அதனால் மேலே இம்ப்ளிசிட் நன் போட்டுட்டு ஆரம்பிங்க. வகை சொல்லாத ஒவ்வொரு பெயருக்கும் கம்பைலர் கத்தும்.

அஞ்சு, அப்புறம்தான் மொழிபெயர்ப்பு. எல்லாம் சின்ன எழுத்து. ஒவ்வொரு சப்ரொட்டீனும் ஒரு ஃபங்ஷன். ஸ்டார் இம்போர்ட் கிடையாது.

ஆறு, பைலிண்ட் ஓட்டு. பில்ட்-இன் பெயரை மறைச்சா அது சொல்லும். ஃபங்ஷனுக்குள்ள மதிப்பு போட்டுட்டு எங்கேயும் பயன்படுத்தாத வேரியபிளையும் சொல்லும். எங்க சின்ன எச் ஒரு ஃபங்ஷனுக்குள்ள இருந்திருந்தா முதல் நாளே மாட்டியிருக்கும். ஒன்பது நாள் தேடினதை ஒரு வார்னிங் சொல்லியிருக்கும்.

ஏழு, எல்லாக் கிளையையும் ஓட்டு. ஒவ்வொரு இஃப்-க்கும் ரெண்டு பக்கமும் போற மாதிரி கேஸ் வச்சு, பழசு புதுசு ரெண்டிலும் ஓட்டி, விடையைப் பக்கத்தில் பக்கத்தில் வைங்க. காற்று வேகம் 1-ம் வேணும், 3-ம் வேணும்.

செஞ்சு பாருங்க

உங்க பழைய லேப் புரோகிராம் ஒண்ணை எடுங்க. அதில் உள்ள பெயர்களை எழுதி மூணு கேள்வி கேளுங்க. புது மொழியில் இது யாருடையது? புது மொழி இதையும் இன்னொரு பெயரையும் ஒண்ணாக்குமா, இல்லை ஒண்ணை ரெண்டாக்குமா? இது வீட்டுக்குள்ள இருக்கா, தெருவில் நிக்குதா? பத்து பெயருக்குக் கேட்டாலே ஒண்ணாவது மாட்டும்.

ரிவியூவை மறுபடி கொடுத்தோம். 2400 வந்துச்சு. கைட் சார் அந்த எண்ணைப் பெருசா கண்டுக்கலை. பெயர் அட்டவணையைத்தான் ரொம்ப நேரம் புரட்டினார். அதில் எச் என்ற வரிக்கு நேரா, "பெரியது, சின்னது, இரண்டும் இதுவே" என்று எழுதி வச்சிருந்தோம். புரோகிராமோட சேர்த்து அந்த ஷீட்டும் இப்போ லேப் பிசியில் இருக்கு. அடுத்து யாராவது இதை வேற மொழிக்கு மாற்ற வந்தா, முதலில் அதைத் திறங்க.

எரர் வந்தா சந்தோஷப்படுங்க மக்களே. அது எங்கே தப்புன்னு சொல்லிட்டுப் போகுது. அதை அவசரமா விரட்டுறதுக்கு முன்னாடி, அந்த வரியில் இருக்கும் மத்தப் பெயர்களையும் ஒரு தடவை பார்த்துடுங்க.